இஸ்தோப்பில் எட்டு ஜோடி செருப்பு

தீபாவளி முடிந்து இரண்டாவது வாரம் என்று நினைக்கிறேன். நாலைந்து வருடம் இருக்கும். நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் பாதையில் இடதுபக்கம் ஏறினால் ஒரு தோட்டம் வரும். அங்கேதான் நடந்தது.

என் வேலை என்ன என்று சொன்னால்தான் விஷயம் புரியும். நோயாலோ விபத்தாலோ வயதாலோ உடம்பு இடம் கொடுக்காமல் போனவர்கள் தங்கள் காரியங்களைத் தாங்களே செய்துகொள்ள வழி பண்ணிக் கொடுப்பது என் தொழில். கட்டிலில் இருந்து எழும்புவது, சட்டைப் பொத்தான் போடுவது, கக்கூசுக்குப் போய் வருவது என்று எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். முடிகிறவர்களுக்கு அது ஒரு வேலையாகவே தெரியாது. பதினைந்து வருடம் ஆஸ்பத்திரியில் இதைச் செய்த பிறகு, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். வயதானவர்களையும் ஊனமுற்றவர்களையும் அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்து, என்ன முடிகிறது, என்ன முடியவில்லை, என்ன உதவி தேவை என்று சரியாக எழுதப் பழக்க வேண்டும். அந்தத் தடவை என்னிடம் ஏழு பேர் வந்திருந்தார்கள். சமூக சேவை உத்தியோகத்தர்கள் நான்கு பேர், மருத்துவமாதுகள் இரண்டு பேர், நோர்வூட்டைச் சேர்ந்த ஒரு இளம்பெண். அவள் வேலைக்குச் சேர்ந்தே மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

இரண்டு நாள் ஹட்டனில் ஒரு மண்டபத்தில் வகுப்பு, மூன்றாம் நாள் வீடுகள். வகுப்பில் நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். வாயால் கேட்டு எழுதாதீர்கள், செய்யச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள். நடக்க முடியுமா என்று கேட்டால் முடியும் என்று சொல்லிவிடுவார்கள், நடந்து காட்டச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும் என்று பெரிய அனுபவசாலி போலப் பேசினேன். போதாததற்கு நான் மஸ்கெலியாவில் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவள். தோட்டத்து வீடு எனக்குத் தெரியாததா என்ற எண்ணம் வேறு மண்டையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

எங்கள் படிவம் நான்கு பக்கம். ஒவ்வொரு காரியத்துக்கும் புள்ளி உண்டு. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, கடைசியில் ஒரு கட்டத்தில் அடையாளம் போட வேண்டும். பகல் நேரத்தில் துணையில்லாமல் இருக்கலாமா, ஆம், இல்லை. பார்ப்பதற்குச் சின்னக் கட்டம். ஆனால் ‘இல்லை’ என்று விழுந்தால், வீட்டில் ஒருவர் வேலையை விட்டுவிட்டு உட்கார வேண்டும், அல்லது அவரை வேறெங்காவது ஒரு இல்லத்தில் சேர்க்கச் சிபாரிசு போகும். அதனால் அந்தக் கட்டத்தை அவசரப்பட்டு நிரப்பக் கூடாது என்றும் நானே வகுப்பில் சொல்லியிருந்தேன்.

அன்றைக்கு முதல் வீடு ஒரு ஐயாவுடையது. வயது அறுபத்தெட்டு. தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர், அதாவது தேயிலைச் செடியைக் கத்தியால் மட்டம் பிடித்து வெட்டுகிற வேலை. மனைவி இல்லை. மகள் ஒருத்திதான் துணை, அவள் கொழுந்து பறிக்கிறாள். அவள் பேர் வேலையில் பதிந்திருப்பதால்தான் லயத்தில் ஒரு குடும்பத்துக்குரிய அந்தக் காம்பரா அவர்கள் கையில் இருக்கிறது. நீரிழிவால், எங்கள் பேச்சில் சீனி வருத்தத்தால், இடது காலில் இரண்டு விரல் எடுத்திருக்கிறார்கள் என்று எங்கள் பட்டியலில் இருந்தது. அதற்குமேல் எதுவும் இல்லை. ஆகவே நான் காலைப் பார்க்கத்தான் போனேன்.

வான் தொழிற்சாலைப் பக்கம் நின்றுவிட்டது. அங்கிருந்து தூறலில் படி இறங்கிப் போனோம். லயத்து வாசலில், கூரைக்குக் கீழே ஒடுங்கலாக ஓடுகிறதே அந்த இஸ்தோப்பு, அதிலிருந்து முற்றத்துக்கு மூன்று கல்படி. படிக்குக் கீழே மழைத்தண்ணீர் ஓடும் கான். நாங்கள் படியிலேயே செருப்பைக் கழற்றினோம். நனையப்போகிறது, மேலே இஸ்தோப்பில் ஏற்றி வையுங்கள் என்று நான்தான் சொன்னேன். எட்டுப் பேரும் ஏற்றி வைத்தோம். ஒருவர் வீட்டுக்குள் செருப்போடு போகிற பழக்கம் நமக்கு இல்லையே. அதை நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

ஐயா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு உள்ளே நின்றிருந்தார். வாங்க, உக்காருங்க என்று கையைக் காட்டினார். நாலு பிளாஸ்டிக் கதிரை வரிசையாகப் போட்டிருந்தது. மகள் காலையிலேயே அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிப் போட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். மற்றவர்கள் கட்டில் விளிம்பிலும் சுவரோரமும் ஒட்டிக்கொண்டோம். நான் எங்களை அறிமுகப்படுத்தினேன். எங்கிருந்து வருகிறோம், யார் யார் என்று சொன்னேன். எதற்கு வந்திருக்கிறோம், எழுதுவதை என்ன செய்யப் போகிறோம் என்று சொன்னேனா? சொல்லவில்லை. நாங்கள் வருவதை முன்கூட்டியே அறிவித்தாகிவிட்டதே, யாராவது சொல்லியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஆரம்பித்தோம். கதிரையிலிருந்து எழும்பச் சொன்னேன், கைபிடிக்காமல் எழும்பினார். நடக்கச் சொன்னேன், பின்பக்கக் குசினிவரை போய்த் திரும்பினார். கக்கூசு வீட்டுக்குப் பின்னால் பத்து எட்டில் இருந்தது. அங்கேயும் போய்க் காட்டினார், இடது காலைக் கொஞ்சம் சாய்த்து வைத்தார் என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை. தண்ணீர் கொதிக்க வைக்கச் சொன்னேன். குசினியில் ஒரே இருட்டு. பல்பு போடாமலே கேத்தலை எடுத்தார், தண்ணீர் பிடித்தார், அடுப்பை மூட்டினார். பார்த்தீர்களா, கரண்ட் பில்லைக்கூட மிச்சம் பிடிக்கிறார் என்று நான் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். மருந்தை எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டதும் அலமாரியிலிருந்து இரண்டு டப்பாவை எடுத்து நீட்டினார். ஒன்றில் ஒரு ரப்பர் பேண்ட், இன்னொன்றில் இரண்டு. ஒன்று போட்டது காலைக்கு, இரண்டு போட்டது இரவுக்கு என்றார். எவ்வளவு ஒழுங்கு என்று நான் மெச்சிக்கொண்டேன். கண் பார்வை எப்படி ஐயா என்ற கேள்வியும் படிவத்தில் இருந்தது. வயசுக்குத் தக்கன இருக்குங்க என்றார். சாதாரணம் என்று எழுதினேன்.

அந்த நேரம் நோர்வூட் பெண் என் பக்கத்தில் வந்து, “மிஸ், அவங்க என் மூஞ்சியப் பார்த்துப் பேசல. நான் இடம் மாறி உக்காந்த பிறகும் பழைய எடத்தப் பார்த்தே பேசுறாங்க” என்று காதுக்குள் சொன்னாள்.

நான் அவளை மேலும் கீழும் பார்த்தேன். பெரியவர்கள் இளம் பெண்களை நேருக்கு நேர் பார்த்துப் பேச மாட்டார்கள், அது மரியாதை, பிறகு பேசுவோம் என்றேன். அடுத்த வீட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மூன்று மாத அனுபவத்தில் எனக்குச் சொல்ல வந்துவிட்டாள் என்றும் மனதுக்குள் ஓடியது. வெட்கமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும், அப்படித்தான் நினைத்தேன்.

எல்லோரும் கட்டிலைச் சுற்றிக் குனிந்துகொண்டு புள்ளிகளைக் கூட்டினோம். நல்ல எண்ணிக்கை வந்தது. விழும் அபாயம் என்ற இடத்தில் ‘குறைவு’ என்று போட்டேன். கடைசிக் கட்டத்தில் ‘ஆம்’ என்று அடையாளம் போட்டேன். ஏன் அப்படிப் போட்டேன் என்று அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். ஐயா எழுந்து வெளியே போனதை ஒருவரும் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்புகிற வழக்கம் லயத்தில் கிடையாது. கேத்தலில் தண்ணீர் கொதித்தாகிவிட்டது. ஆனால் அவர் வீட்டில் இருந்தது மூன்று கோப்பை. மிச்சக் கோப்பைகளைப் பக்கத்துக் காம்பராவில் சொல்லி வைத்திருந்தார். அதை வாங்கத்தான் போனார். ஒவ்வொரு நாளும் நடக்கிற இஸ்தோப்பு, சுவரோரமாக நாலே எட்டு.

சத்தம் கேட்டு ஓடினோம். முதலில் ஓடியது நோர்வூட் பெண். மூன்று படியையும் தாண்டிக் கானில் குப்புறக் கிடந்தார். வெள்ளைச் சட்டை முழுக்கச் சேறு. புருவத்துக்கு மேலே வெடித்து இரத்தம் வந்தது. வலது கை மணிக்கட்டு கோணிக்கொண்டு இருந்தது. இடது கையால் படியைத் தடவிக்கொண்டே, “என்ன இது, இங்க என்ன கெடக்குது?” என்று கேட்டார். அவர் கைக்குக் கீழே ஒரு வெள்ளைச் சப்பாத்து. அவருடைய முகத்திலிருந்து ஒரு சாண் தூரம்கூட இல்லை.

“செருப்புங்க ஐயா. எங்க செருப்பு” என்றாள் அந்தப் பெண்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கானில் இறங்கி அவர் தோளைத் தாங்கினேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ விழுந்தவர்களைத் தூக்கியிருக்கிறேன். நானே விழுத்திய ஒருவரைத் தூக்கியது அன்றுதான்.

கொழுந்து பறிக்கிற மலையிலிருந்து மகளைக் கூப்பிட்டார்கள். ஒருவர் சொல்லி இன்னொருவர் என்று கூப்பாடு மேலே போனது, அவள் தலையில் மாட்டிய கயிற்றைக்கூடக் கழற்றாமல் கொழுந்துச் சாக்கோடு ஓடி வந்தாள். எங்களை ஏசுவாள் என்று பார்த்தேன். ஏசவில்லை. அப்பாவின் முகத்தைச் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, இஸ்தோப்பில் சிதறிக் கிடந்த செருப்புகளை ஒரு தரம் பார்த்தாள். அவ்வளவுதான். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நானும் கூடப் போனேன். ஐயா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். மகள்தான் மெல்லிய குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு கண்ணும் போய் இரண்டு வருடம். வெளிச்சம் மட்டும் ஒரு பொட்டு தெரியும். டாக்டர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது, எங்களுக்குக் காட்ட வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். தனியாக இருக்க முடியாதவர்களைக் கணக்கெடுக்க வருகிறார்கள் என்று லயத்தில் கதை பரவியிருந்தது. எங்கள் படிவத்தின் அந்தக் கடைசிக் கட்டம் அவர்களுக்கு எங்களை விட நன்றாகத் தெரிந்திருந்தது. மூன்று நாளாக அப்பா அதற்குப் பழகியிருக்கிறார். குரல் வருகிற பக்கம் பார்த்துப் பேசுவதற்கு, கைக்குக் கதிரையைத் தேடாமல் எழும்புவதற்கு. இன்றைக்கு வேலைக்கு லீவு போடுகிறேன் என்று இவள் சொன்னதற்கும், நீ வீட்டில் நின்றால் சந்தேகப்படுவார்கள் என்று அனுப்பிவிட்டார்.

“முடியாதுன்னு எழுதிட்டா நான் வேலைக்குப் போக ஏலாதுல்ல மிஸ். நான் நின்னுட்டா எங்களுக்கு என்னா இருக்கு? அதுக்குத்தான் அப்பா இப்படிச் செஞ்சாங்க” என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர்மேல் பரிதாபப்பட்டு மட்டுமில்லை. என் அப்பாவும் காய்ச்சலோடு காலைப் பெரட்டில் நிமிர்ந்து நின்றவர்தான். பெரட்டு என்றால் விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் சொல்லி வேலைக்குப் பிரிக்கிற இடம். அங்கே சோர்ந்து நின்றால் அன்றைய பேர் விழாது, சம்பளமும் கிடையாது. கையில் புத்தகம் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிறவர் முன்னால் ‘முடியும்’ என்று சொல்லியே நாற்பது வருடம் பிழைத்த இந்த ஐயாவிடம், நானும் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு, முடியுமா, செய்து காட்டுங்கள் என்று நின்றிருக்கிறேன். லயத்தில் பிறந்தவள் என்று வாய் கிழியப் பேசிய எனக்கு இது தோன்றவில்லை.

மணிக்கட்டு எலும்பு உடைந்திருந்தது. புருவத்தில் ஐந்து தையல். மறுநாள் பார்வையாளர் நேரத்தில் போனேன். மாவுக்கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என் குரலைக் கேட்டதும் வாங்க மிஸ் என்றார். மன்னிப்புக் கேட்க வார்த்தைகளை வழியெல்லாம் கோர்த்துக்கொண்டு போயிருந்தேன். அதற்கு இடம் கொடுக்காமல் அவர் முந்திக்கொண்டார். அந்தப் பேப்பரைக் கொடுத்துவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். விழுந்துட்டேன், இனி முடியாதுன்னுதானே எழுதுவீங்க என்றார். என் மேலதிகாரி காலையில் அதைத்தான் சொல்லியிருந்தார். கண் தெரியாது, விழுந்திருக்கிறார், வீட்டில் ஆளில்லை, இதில் யோசிக்க என்ன இருக்கிறது, ‘இல்லை’ என்று போட்டு அனுப்புங்கள் என்று.

நான் இல்லை என்று மறுக்காததிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது போலும். முகத்தை என் பக்கம் திருப்பிச் சொன்னார்.

“கண்ணு போயி ரெண்டு வருசமுங்க. அந்த இஸ்தோப்புல நான் ஒரு நாள் விழுந்ததில்ல. எங்க லயத்துல சின்னப்புள்ளகூட அந்த வழியில ஒண்ணும் வைக்காது. நீங்க வந்தீங்க, விழுந்தேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். நான் போட்ட ‘விழும் அபாயம் குறைவு’ என்பது ஒருவகையில் சரிதான். அந்த வீட்டில் அபாயம் குறைவாகத்தான் இருந்தது, நாங்கள் படியேறும் வரை.

அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். ஏற்கெனவே நிரப்பிய படிவம் தவறானது, தவறு என்னுடையது என்று எழுதினேன். விழுந்த காரணம் என்ற இடத்தில், மதிப்பீடு செய்ய வந்தவர்கள் வழியில் வைத்த செருப்பில் தடுக்கி விழுந்தார், வைக்கச் சொன்னது நான் என்று எழுதினேன். இதை இப்படி எழுதத்தான் வேண்டுமா என்று மேலதிகாரி கேட்டார். எழுதாவிட்டால் அவர் கண் தெரியாததால் விழுந்தார் என்று ஆகிவிடும், அது பொய் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் மாவுக்கட்டு கழற்றியதும் மறுபடி பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று அவகாசம் கேட்டு வாங்கினேன்.

அதற்குள் கையில் கட்டோடு அவரால் அடுப்பு மூட்ட முடியாமல், மகள் மூன்று வாரம் வேலைக்குப் போகாமல் வீட்டில் நின்றாள். எது நடக்கக் கூடாது என்று அவர் மூன்று நாள் பழகினாரோ, அதை நாங்கள் வந்து நடத்தி வைத்தோம்.

இரண்டாம் தடவை நானும் நோர்வூட் பெண்ணும் மட்டும் போனோம். மகள் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்துப் போனோம். படிவத்தை வெளியே எடுக்கவில்லை. இதை எதற்கு எழுதுகிறோம், அது எங்கே போகும், எதெல்லாம் செய்யும், எதெல்லாம் செய்யாது என்று முதலில் சொன்னேன். பிறகு, முடியாததை மட்டும் சொல்லுங்கள் ஐயா என்றேன். யோசிக்க அவருக்கு நேரம் விட்டோம். மகளும் அவசரப்படுத்தவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. ஈரப்படி பயம். சோறு பொங்கி வழிவது சத்தத்தில்தான் தெரியும், மழை கூரையில் கொட்டினால் அதுவும் தெரியாது. யாராவது வாசலில் வந்து சத்தமில்லாமல் நின்றால் பயம். முடியாது என்ற வார்த்தையை அவர் ஒரு தரம்கூடச் சொல்லவில்லை, பயம் என்றுதான் சொன்னார். நோர்வூட் பெண் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். அதற்குமேல் கேட்டதும் முழுக்க அவள்தான். திரும்பி வரும் வழியில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் கூச்சப்பட்டுக்கொண்டு, பரவாயில்லை மிஸ் என்றாள். பரவாயில்லாத விஷயம் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

கடைசிக் கட்டத்தில் ‘ஆம்’ என்றே போட்டேன். முதல் தடவையும் அதையேதான் போட்டேன். ஆனால் இந்தத் தடவை அதற்குக் கீழே இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன். இஸ்தோப்பிலும் படியிலும் கைப்பிடி வேண்டும், ஒரு வெள்ளைக் கோல் வேண்டும், பகல் பதினொரு மணிக்குப் பக்கத்துக் காம்பரா அக்கா வந்து ஒரு பார்வை பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார் என்றெல்லாம் எழுதினேன். இரண்டு தடவை விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு தடவையும் எழுதிக் கொடுத்தேன். கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் கைப்பிடி வந்து சேருவதற்குள் லயத்து ஆட்கள் பழைய தண்ணீர்க் குழாயை வைத்து ஒன்று கட்டி முடித்துவிட்டார்கள், அது வேறு விஷயம். மகள் வேலைக்குப் போகிறாள். காம்பராவும் அவர்கள் கையில் இருக்கிறது.

அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்குப் பயிற்சி கொடுத்துவிட்டேன். செய்யச் சொல்லிப் பாருங்கள் என்று இப்போதும் சொல்கிறேன், அதில் தப்பில்லை. ஆனால் எட்டுப் பேராக யார் வீட்டுக்கும் போவதில்லை. நடந்ததை ஒன்றும் மறைக்காமல் என்னையே உதாரணமாக வைத்துச் சொல்லிவிடுகிறேன். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் என்னைப் பாவமாகப் பார்க்கிறார்கள், அதுவும் தேவைதான். இப்போதெல்லாம் ஒரு வீட்டில் என்னென்ன ஆபத்து இருக்கிறது என்று எழுத உட்கார்ந்தால், அந்த வீட்டுக்குள் நான் வந்திருப்பதைத்தான் முதலாவதாக நினைத்துக்கொள்கிறேன்.